நோஞ்சான் ஈஸ்ட்டும் கீரனூர்ச் சம்பந்தமும்

நான் வேலை பார்க்கும் ஜெர்மன் ஆய்வகத்தில் ஈஸ்ட்டை நலம் விசாரிப்பார்கள். எதிர் மேசை மார்ட்டினா காலையில் வந்ததும் கண்ணாடித் தட்டைத் தூக்கிப் பார்த்து, "பாவம், இன்றைக்கும் நீ வளரவில்லையே" என்று அதனிடமே வருத்தப்படுவார். மூன்று வருடத்தில் ஒரே ஒரு முறை என் ஊரைக் கேட்டார். புதுக்கோட்டை என்றேன். "பம்பாய்க்குப் பக்கமா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஈஸ்ட் நோஞ்சானாக இருப்பதற்கு நாங்கள்தான் காரணம். மரபணுவைப் பார்த்து ஆர்.என்.ஏ. என்ற படியை எடுக்கும் இயந்திரம் ஒன்று செல்லுக்குள் உண்டு. அந்த இயந்திரத்தை உண்டாக்கும் மரபணுவிலேயே ஓர் எழுத்தை மாற்றிவிடுவோம். படியெடுப்பு மந்தமாகும். சாதாரணச் சூட்டில் சமாளிக்கும் ஈஸ்ட், சூடு கொஞ்சம் ஏறினால் வளராமல் நின்றுவிடும். மனிதருக்கு அதே இயந்திரத்தில் பிழை விழுந்தால், குழந்தையின் மூளையில் நரம்புகளைச் சுற்றியுள்ள உறை சரியாக வளராது. இதை மேடைகளில் படம் போட்டுக் காட்டிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

போன வருடம் கீரனூரிலிருந்து அக்கா செல்வி வாட்ஸப்பில் ஒரு ரிப்போர்ட் அனுப்பினாள். அவள் மகன் முகிலுக்கு நான்கு வயது. நன்றாக நடந்துகொண்டிருந்தவன் அடிக்கடி விழ ஆரம்பித்திருந்தான். நான் தட்டுகளின் மேல் தினமும் எழுதும் மரபணுவின் பெயர் அந்தத் தாளில் இருந்தது.

லீவு போட்டு ஊருக்குப் போனேன். அக்காவின் மாமியார் வேறு யாருமில்லை, என் அப்பாவின் உடன்பிறந்த தங்கை. கீரனூர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து என்னிடம் தீர்ப்பு சொன்னார்.

"எங்க பக்கம் இப்படி யாருமில்லத்தா. எல்லாம் ஒங்க ஆத்தா வழியில வந்த சீக்கு. ஒங்க அக்காவக் கூட்டிட்டுப் போ. எம் மகனுக்கு வேற எடம் பாக்கணும்."

"அயித்தை, அக்காவுக்கும் மச்சானுக்கும் இருக்கது ஒரே பிழை. ரெண்டு பக்கத்துலேருந்தும் வந்தாத்தான் புள்ளைக்குச் சீக்கா வரும். எங்க அப்பாவுக்கும் டெஸ்ட் எடுத்தாச்சு, அவருக்கும் இருக்கு. ஆத்தாவுக்கு இல்ல. ஒங்க அண்ணனுக்கு எங்கேருந்து வந்துச்சோ, அங்கேருந்துதான் ஒங்களுக்கும் வந்திருக்கும்."

"வெள்ளக்காரன் ஊர்ல இருக்க திமிரு!"

நிலம் வெளியே போகக் கூடாதென்று இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவரே அவர்தான். அன்று ஒன்றாக இருந்த ரத்தம், ரிப்போர்ட் வந்ததும் இரண்டாகிவிட்டது. மச்சான் பிளஸ் டூ உயிரியல் ஆசிரியர். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு எது வரும் என்று சொல்லும் பட்டாணிச் செடிக் கணக்கை வருடாவருடம் கரும்பலகையில் போட்டு, தப்புச் செய்யும் பிள்ளைகளை வெளியே நிறுத்துகிறவர். அன்று செல்போனைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், நீங்களாச்சும் சொல்லுங்க" என்றேன்.

"அம்மாவுக்கு பிரஷர் இருக்கு. இப்ப வேணாம்."

அக்கா எழுந்தாள். முகிலின் உடுப்புகளைப் பையில் திணித்தாள். "வேற எடம் பாருங்க அயித்தை. ஆனா ஒங்க மகனுக்கும் அது இருக்குன்னு பொண்ணு வீட்டுல மொதல்லயே சொல்லிருங்க" என்றாள். பி.காம். படித்த அவள் ஒருத்திதான் அந்த வீட்டில் உருப்படியாக உயிரியல் பேசினாள்.

எங்கள் சொந்த ஊரான அன்னவாசலுக்கு பஸ்ஸில் வரும்போது முகில் அவள் மடியில் தூங்கினான். "இதுக்கு மருந்து இருக்கா?" என்றாள்.

"இல்லக்கா. பிசியோதெரபி குடுக்கலாம்."

"அப்ப இத்தன வருசமா அங்கிட்டு என்னதான் பண்ற?"

வாங்கிய கைதட்டலில் ஒன்றுகூட அப்போது உதவிக்கு வரவில்லை.

அக்கா இப்போது அன்னவாசலில்தான் இருக்கிறாள். மச்சான் ஞாயிற்றுக்கிழமைகளில், அம்மாவுக்குத் தெரியாமல், பிஸ்கட்டுடன் வருகிறாராம். பெரிய வீரம்தான்.

இங்கே திரும்பியதும் நானும் ரத்தம் கொடுக்கப் போனேன். அக்காவிடம் இருக்கும் பிழை என்னிடமும் இருக்கலாம். படிவத்தை நிரப்பிய நர்ஸ், "உங்கள் அக்காவும் அவர் கணவரும் உறவினரா?" என்றார். ஆமாம் என்றேன். "கல்யாணத்துக்குப் பிறகு உறவுதான். நான் கேட்பது அதற்கு முன்னால்" என்றார்.

"முன்னாலும்தான்."

எனக்கு மொழி புரியவில்லை என்று நினைத்து, அதே கேள்வியை மெதுவாக, உரக்கக் கேட்டார். அதே பதிலைச் சொன்னேன். பேனா சற்று நின்றது. பிறகு ரத்தம் எடுத்து, குழாயின் மேல் என் பெயரையும் இந்த நகரத்தின் பெயரையும் ஒட்டினார். உள்ளே சிவப்பாக இருந்தது அன்னவாசல்.