சிறந்த மாணவன் செல்லசாமி

ஒரு பிள்ளைக்குக் கணக்கு விளங்கவில்லை என்பதை நீங்கள் எதை வைத்துக் கண்டுபிடிப்பீர்கள்? "விளங்கிச்சா?" என்று கேட்டா? அப்படியானால் நீங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நின்றதே இல்லை. அங்கே அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். "விளங்கிச்சு டீச்சர்" என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் சொல்லும். அதில் பாதி மரியாதை, மீதி பயம்.

நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணிதம் படிப்பிக்கும் ஜெயந்தினி அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. கணக்கைப் பலகையில் எழுதிவிட்டு மேசைகளுக்கு நடுவே நடப்பார். எந்தப் பிள்ளையின் பேனா எந்த வரியில் நின்றுவிட்டது என்று பார்ப்பார். அந்த இடத்தில் குனிந்து, "இதுக்கு முந்தின வரிய எனக்குச் சொல்லு" என்பார். பிள்ளை சொல்லத் தொடங்கும். பாதியில் தானே நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதியதை வெட்டும். அவ்வளவுதான் அவருடைய வித்தை.

அவர் அதே தோட்டத்தில், தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் பிறந்தவர். தாய் கொழுந்தெடுத்தவர். கல்வியியல் கல்லூரியை முடித்ததும் ஹட்டனில் வசதியான பாடசாலை ஒன்று கிடைத்தது. அதை விட்டுவிட்டு இங்கே கேட்டு வாங்கி வந்தார். தியாகம் என்று மாலையைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். "டவுனுப் பிள்ளைங்களுக்கு டியூசன் இருக்கு. எனக்கு அங்க என்னா வேல?" என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

பாடசாலை விட்ட பிறகும் அவருக்கு ஒரு வகுப்பு இருந்தது. கொழுந்துக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பரா மாலையில் காலியாகிவிடும். தோட்டத்தை நடத்தும் துரையிடம் வாய்வார்த்தையில் அனுமதி வாங்கி, சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளை அங்கே உட்காரவைத்தார். கணிதத்தில் சித்தியடையாவிட்டால் இந்தப் பிள்ளைகளுக்கு உயர்தரம் இல்லை. கொழும்பில் ஏதாவது கடையில் நிற்க வேண்டும், இல்லையென்றால் பெற்றோர் ஏறிய மலையிலேயே ஏற வேண்டும். அந்த அறை எதற்கு என்பது இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும்.

கொரோனாக் காலத்தில் ஜெயந்தினியும் போனில் படிப்பித்துப் பார்த்தவர்தான். அதில் ஒரு நல்லதும் நடந்தது. வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண்பிள்ளை குரல் பதிவில் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள். அதை அவர் இன்றைக்கும் மறுப்பதில்லை. ஆனால் பேனா எங்கே நின்றது என்று போன் காட்டவில்லை என்பதையும் அவர் மறைப்பதில்லை.

பிறகுதான் கொழும்பிலிருந்து ஒரு நிறுவனம் இணையவழி வழிகாட்டல் திட்டத்தோடு மலையேறி வந்தது. மலையகத்துக்கு அதன் இணைப்பாளர் கணேசமூர்த்தி, கழுத்தில் எப்போதும் அடையாள அட்டை தொங்கும் மனிதர். தொடக்க விழாவில் மடிக்கணினிக்குச் சந்தனப் பொட்டு வைத்து, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டினார். கும்பிட்டுவிட்ட பொருளைப் பிறகு யார் கேள்வி கேட்பது?

"உலகமே ஸ்கிரீனுக்கு வந்திருச்சு டீச்சர். நீங்க இன்னும் வெண்கட்டியோட நிக்கிறீங்க" என்றார்.

"வரட்டும் சேர். பிள்ளைங்ககிட்ட போன் இல்லையே."

"வீட்டுக்கு ஒண்ணாவது இருக்கும்ல?"

"இருக்கு. அப்பா மலைய விட்டு இறங்குனாத்தான் அது வீட்டுக்கு வரும்."

கணேசமூர்த்தி சிரித்தார். விளங்காததற்கெல்லாம் சிரிப்பது அவர் வழக்கம்.

ஜெயந்தினியின் வகுப்பில் தனுஜா, லோஜன், சர்மிளா மூவரும் ஒரே லயத்துப் பிள்ளைகள். மூவருக்கும் சேர்த்து ஒரே போன், தனுஜாவின் அப்பா செல்லசாமியுடையது. அவர் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுபவர். பிள்ளைக்காம்பரா வகுப்பு முடிந்து, அவரும் வேலை முடிந்து வந்த பிறகு மூவரும் அந்தப் போனைச் சுற்றி உட்காருவார்கள். மறுமுனையில் திட்டத்தின் வழிகாட்டி, கொழும்பில் பொறியியலாளராக இருக்கும் ஸஜ்ஜாத். நல்ல பிள்ளை, சம்பளம் வாங்காமல் நேரம் கொடுப்பவர். லயத்துக் காம்பராவைக் காட்டப் பிள்ளைகளுக்குக் கூச்சம், அதனால் கமெராவை மூடிவைத்தார்கள். போன் யாருடையதோ அவர் பெயர்தான் ஸஜ்ஜாத்தின் திரையில் வந்தது. முதல் நாளே அவர், "செல்லசாமி, நீங்க சொல்லுங்க" என்றார். தனுஜா பதில் சொன்னாள்.

அது என் அப்பாவின் பெயர் என்று ஏன் சொல்லவில்லை? காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் கணக்கெடுக்கும்போது கூப்பிட்ட பெயருக்குக் குரல் வராவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. அப்பா பின்னால் ஓடிவந்துகொண்டிருந்தால் மகள் குரல் கொடுப்பாள். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் வேறு என்ன செய்யும்?

இப்படியே மாதங்கள் போயின. ஸஜ்ஜாத்தின் பார்வையில் செல்லசாமி அபாரமான மாணவன். ஒருநாளும் வராமல் இருந்ததில்லை, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான். கணேசமூர்த்தி துரையிடம் போனார். பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிக்கிறார்கள், மாலை வகுப்பு இனி வேண்டாம், பிள்ளைக்காம்பராவில் பெரிய திரை ஒன்றை மாட்டி அதை டிஜிட்டல் நிலையம் ஆக்கலாம் என்றார். ஆதாரம் வேண்டுமா? திட்டத்தின் சிறந்த இணைய மாணவன் உங்கள் தோட்டத்துச் செல்லசாமிதான். துரையும் சரி என்றுவிட்டார்.

ஒன்றும் விளங்காமல் செல்லசாமி ஜெயந்தினியிடம் வந்து நின்றார். "ஹட்டனுக்கு வரச் சொல்றாங்க டீச்சர். பரிசாம். நான் யாருக்கும் ஒரு தப்பும் பண்ணலீங்களே."

ஜெயந்தினி தனுஜாவைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"அந்த சேர் அப்பா பேரக் கூப்பிட்டாரு டீச்சர். பதில் சொல்லாட்டி பேர வெட்டிருவாங்கன்னு நெனச்சோம். நானும் லோஜனும் மாத்தி மாத்திச் சொன்னோம். லோஜன் பேசுனா, 'செல்லசாமி, இன்னைக்குத் தொண்ட கட்டியிருக்கா'ன்னு கேப்பாரு."

"சர்மிளா?"

"அவ பேசவே இல்ல. நாங்க சொல்றத எழுதிக்குவா."

ஜெயந்தினிக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடம் அது போய்விட்டது. சர்மிளாவின் பேனா இன்னும் பின்னக் கணக்கில் நின்றுகொண்டிருப்பதை அவர் தினமும் பார்க்கிறவர். அவளுக்கு மிச்சமிருந்த ஒரே இடம் அந்த அறை. "போய் வாங்குங்க அண்ணே. நானும் வர்றேன்" என்றார்.

ஹட்டன் மண்டபத்தில் பெயரை வாசித்ததும், சலவைச் சட்டையில் நரைத்த மீசையோடு செல்லசாமி மேடையேறினார். கணேசமூர்த்தி ஒரு நொடி திகைத்தார், ஒரு நொடிதான். "மாணவன் செல்லசாமிக்குச் சுகமில்லை. தந்தை பெற்றுக்கொள்கிறார்" என்று ஒலிவாங்கியில் அறிவித்தார்.

"எனக்கு மகன் இல்லீங்க. ஒரு மகதான். நான்தாங்க செல்லசாமி."

மண்டபம் சிரித்தது. பின்வரிசையில் ஜெயந்தினி எழுந்து நின்றார். "சேர், இவரு போனுலதான் மூணு பிள்ளைங்க படிச்சாங்க. அதுல ஒருத்திக்கு இன்னும் பின்னம் வராது. அவளுக்குப் பரிசு வேணாம். அந்த ரூமை மட்டும் விட்டுருங்க."

"சின்னத் தொழில்நுட்பக் கோளாறு" என்றார் கணேசமூர்த்தி. அடுத்த பெயரை வாசித்தார்.

முன்வரிசையில் இருந்த ஸஜ்ஜாத் மறுநாள் பஸ் பிடித்துத் தோட்டத்துக்கு வந்தார். லயத்துக் காம்பராவில் சர்மிளாவுக்கு எதிரே அமர்ந்து, "உங்களோட எத்தனையோ தடவை கதைச்சிருக்கேனே" என்றார்.

"இல்ல சேர். இன்னைக்குத்தான்."

அவர் தலைகுனிந்தார். அறையைத் திருப்பிக் கொடுக்கும்படி நிறுவனத்துக்கு எழுதினார். நிறுவனம் அவருடைய சேவைக்கு நன்றி சொல்லிப் பதில் போட்டது. செல்லசாமி சான்றிதழோடு நிற்கும் படம், 'மாணவனின் தந்தை' என்ற குறிப்போடு, ஏற்கெனவே அவர்களின் பக்கத்தில் வந்துவிட்டது.

இப்போது பிள்ளைக்காம்பராவில் பெரிய திரை தொங்குகிறது. பகலில் குழந்தைகள் அதன் கீழே தூங்குகின்றன. அவர்களைத் தாய்மார் தூக்கிப் போனதும் கதவுக்குப் பூட்டு. திரை களவு போய்விடுமாம். பரீட்சை நெருங்குகிறது. ஜெயந்தினி தன் வீட்டுக் காம்பராவில் சர்மிளாவையும் இன்னும் சிலரையும் நெருக்கி உட்காரவைத்திருக்கிறார். மேசைகளுக்கு நடுவே நடக்க அங்கே இடமில்லை. மற்றப் பிள்ளைகளுக்கு உட்காரவே இடமில்லை.

இப்படிப்பட்ட திட்டங்களுக்குப் பணம் கொடுப்பவர்களும், சனிக்கிழமைகளில் திரைக்கு முன்னால் அமர்ந்து வழிகாட்டுபவர்களும் இதைப் படிப்பீர்கள். எத்தனை பேர் இணைந்தார்கள் என்று இனியும் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். இன்றைக்கே உங்கள் இணைப்பாளருக்கு அழைப்பெடுத்து, உங்கள் திட்டம் நடக்கும் தோட்டத்துப் பிள்ளைகள் மாலையில் எங்கே உட்கார்ந்து படிக்கிறார்கள் என்று கேளுங்கள். அங்கே ஏதாவது ஒரு கதவு பூட்டியிருந்தால், அது திறக்கும்வரை ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.