சத்து மாத்திரை என்று சொல்லித் தந்த மருந்து

முருகனடியார்களே, என்னைப் பிடித்த நோயைவிட, அதை என்னிடமிருந்து மறைத்த செயலே என் நெஞ்சை அதிகம் புண்படுத்தியது. மறைத்தவர்கள் வேறு யாருமல்லர். என் மனைவி பாக்கியமும் என் மகன் சிவாவும்.

நான் பெக்கான் நானாஸ் என்ற ஊரில் அன்னாசி லாரி ஓட்டியவன். பள்ளிப்படிப்பு குறைவு, தமிழை நானே தேடிப் படித்துக்கொண்டேன். இப்போது பெர்மாஸ் ஜெயாவில் மகன் வீட்டில் இருக்கிறோம். சென்ற ஆண்டு என் இடது மார்பில் ஒரு கட்டி தோன்றியது. முதுகெலும்பில் ஓயாத வலியும் சேர்ந்துகொண்டது. மருத்துவமனையில் சதை எடுத்துச் சோதித்தார்கள், படம் எடுத்தார்கள். முடிவு சொல்லும் நாளில் பாக்கியமும் சிவாவும் மட்டும் மருத்துவர் அறைக்குள் சென்றார்கள்.

வெளியே வந்த சிவா, "வெறும் கொழுப்புக் கட்டிப்பா. முதுகு வலி வயசானதால வருது. எலும்புக்குச் சத்து மாத்திரை குடுத்திருக்காங்க" என்றான். பாக்கியம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் நம்பினேன். என் தட்டில் இத்தனை காலம் சோறிட்டவள் என்னிடம் பொய்யுரைப்பாள் என்று நான் எப்படி எண்ணுவேன்?

காலைப் பசியாறியதும் அவளே ஒரு கேப்சூலை எடுத்துத் தருவாள். மூன்று வாரம் தந்து ஒரு வாரம் நிறுத்துவாள். வலி தணிந்தது. முருகன் கருணை என்று மகிழ்ந்தேன்.

பிறகு தைப்பூச விரதம் தொடங்கியது. கேப்சூலின் கூடு விலங்கின் தோலிலும் எலும்பிலும் செய்யப்படுவது என்று என்னோடு லாரி ஓட்டிய மலாய் நண்பர் முன்பொருநாள் கூறியிருந்தார். விரதம் காக்கும் உடம்பில் அதை எப்படி ஏற்பது? வெறும் சத்துதானே, பூசம் முடிந்ததும் சாப்பிடலாம் என்று முடிவு செய்தேன். சொன்னால் பாக்கியம் விரதத்தையே விடச் சொல்வாள் என்பதால், அவள் முதுகு திரும்பியதும் அதைக் குப்பையில் போட்டேன்.

நாட்கள் செல்லச் செல்ல வலி திரும்பியது. குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை. உனக்காக விரதமிருப்பவனை நீயே வதைக்கிறாயே என்று முருகனிடம் மனம் கசந்தேன்.

அந்த நிலையில்தான், விரதம் முடியுமுன்பே, மருத்துவமனையில் மறுபடி காட்டவேண்டிய தவணை வந்தது. பழைய மருத்துவர் மாற்றலாகிப் போயிருந்தார். வழக்கம்போல் தாயும் மகனும் உள்ளே சென்றார்கள். நான் வெளியே பெஞ்சில் அமர்ந்து கண்களை மூடினேன். "முருகா, சுகம் தராவிட்டாலும் போகட்டும். எனக்கு என்னதான் வந்திருக்கிறது என்று சொல்." வேறெதுவும் கேட்கவில்லை.

கதவு திறந்தது. ஓர் இளம் மலாய்ப் பெண் மருத்துவர் தாமே வெளியே வந்து, "பாக்சிக், மாசோக்லா" என்று என்னை உள்ளே அழைத்தார். நோயாளியை வெளியே நிறுத்திவிட்டு நோயைப் பற்றிப் பேசமாட்டேன் என்று அவர்களிடம் கூறிவிட்டாராம். நான் அமர்ந்ததும், புற்றுநோய் மருந்தைத் தவறாமல் சாப்பிடுகிறீர்களா என்று மலாயில் கேட்டார்.

புற்றுநோய். அந்தச் சொல்லை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன். என் வேண்டுதலுக்கு விடை வந்துவிட்டது. ஆனால் அது இடி போல வந்தது.

மார்பில் தோன்றி எலும்புக்குப் பரவிய நோய் என்றார் அவர். ஆண்களுக்கும் அபூர்வமாக வருமாம். பொறுமையாக விளக்கினார். உயிரணு இரண்டாகப் பிரியுமுன் ஒரு வாசலில் நின்று உத்தரவு பெறவேண்டும். வாசலைத் திறக்கும் புரதங்கள் உண்டு. பொறு என்று தடுக்கும் புரதங்களும் உண்டு. இந்நோயில் தடுப்பவற்றின் சொல் எடுபடுவதில்லை. வாசல் திறந்தே கிடக்கிறது. திறக்கும் புரதங்களின் கையைப் பிடித்து நிறுத்துவதே இந்த மருந்தின் வேலை. அது வெள்ளணுக்களையும் குறைக்கும். அதனால்தான் மூன்று வாரம் சாப்பிட்டு ஒரு வாரம் நிறுத்துவது.

"ஆனால் உங்கள் இரத்தத்தில் வெள்ளணுக்கள் குறையவே இல்லை. மருந்து சாப்பிடுபவரின் இரத்தம் போலத் தெரியவில்லையே" என்றார்.

நான் விரதத்தைப் பற்றிக் கூறினேன். பாக்கியம் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ, உசுரு காக்குற மருந்துங்க அது! குப்பையிலயா போட்டீங்க?"

"நீ சத்து மாத்திரைன்னுதானே சொன்ன?"

"தெரிஞ்சா நீங்க தாங்கமாட்டீங்கன்னு..."

"எவ்வளவு தாங்குவேன்னு நீ அளந்து பாத்தியா?"

சிவா குறுக்கிட்டான். "ஆம்பளைக்கு மார்புல வந்திருக்குன்னு வெளிய தெரிஞ்சா நாலு பேரு சிரிப்பாங்கப்பா."

"சிரிக்கட்டும்டா. செத்தா மட்டும் அழுவாங்களா?"

என் உடம்புக்குள் காவல் நின்றவை என்னைக் கைவிட்டன. என் வீட்டுக்குள்ளும் அவ்வாறே நடந்துவிட்டது.

மருந்து தோற்றிருந்தால் கடுமையான சிகிச்சைக்கு மாறவேண்டியிருக்கும். அது தோற்கவில்லை, உள்ளே போகவே இல்லை என்பதால் அதையே தொடரலாம் என்றார் மருத்துவர். அதே மருந்து கேப்சூல் கூடு இல்லாமல் மாத்திரையாகவும் கிடைக்கும் என்று எழுதித் தந்தார். விரதமும் முறியவில்லை, மருந்தும் தவறவில்லை. சில மாதங்களுக்குப் பின் எடுத்த படத்தில் மார்புக் கட்டி சுருங்கியிருந்தது. எலும்பில் புதிதாக எதுவும் பரவவில்லை. நோய் ஒழியவில்லை, அடங்கியிருக்கிறது என்கிறார் மருத்துவர். அன்று ஒரு கதவைத் திறந்துவிட்ட முருகனுக்கு நான் எவ்வாறு நன்றி சொல்வேன்?

இப்போது என் மருந்தை நானே எடுத்துச் சாப்பிடுகிறேன். கோயில் மண்டபத்தில் எழுந்து நின்று, எனக்கு மார்பில் புற்றுநோய் என்று வாய்விட்டுச் சொன்னேன். எவரும் சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்தபின் ஒருவர் என்னைத் தனியே அழைத்துத் தம் மார்பிலுள்ள கட்டியைக் காட்டினார். மறுநாளே அவரை மருத்துவரிடம் அனுப்பினோம்.

பாக்கியத்தை முழுமனதோடு மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அதுவும் ஒரு பொய்யாகும். அந்த மனத்தையும் முருகனிடமே கேட்டிருக்கிறேன். இன்னும் தரவில்லை, தருவான். அன்பர்களே, உண்மையைக் கேளுங்கள், அவன் தருவான். உங்கள் வீட்டில் ஒருவரின் நோயை அவரிடமே மறைத்து வைத்திருந்தால், இன்றே அவர் அருகில் அமர்ந்து சொல்லிவிடுங்கள். அவர் தாங்குவார். நான் தாங்கினேன்.