முதல் குண்டு

ஜவளகிரிக் காட்டோரத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சுட்ட பன்றி சாகாமல் அடிபட்டு ஓடிவிட்டால், சுட்டவரே வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டும். சோறு தண்ணீர் எல்லாம் அதற்கப்புறம்தான்.

சென்னப்பன் சொல்லவில்லை. குறி தப்பியதைச் சொல்ல வெட்கம். மறுநாள் விடிந்ததும் ராகிக் கொல்லைக்குப் போன அவனுடைய சித்தப்பா மகன் திம்மப்பனை அந்தப் பன்றி தொடையில் குத்திக் கிழித்தது. பெங்களூர் ஆஸ்பத்திரியில் காலை எடுத்துவிட்டார்கள். "அது எங் குண்டு பட்ட பன்னியே இல்ல" என்று கோயில் வாசலில் நின்று சாதித்தான் சென்னப்பன்.

திம்மப்பன் மறந்தாலும் அவன் பெண்டாட்டி முனிலட்சுமி மறக்கவில்லை. அவனுடைய பயிர்க்காவல் துப்பாக்கியின் லைசென்ஸைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டாள். பன்றி உயிரோடுதான் திரிந்தது, இடது முன்னங்காலை இழுத்துக்கொண்டு. அந்தப் பக்கத் தோளுக்குள் சென்னப்பன் குண்டு இருக்கிறது என்பது அவளுக்கு நிச்சயம். அவனுடைய ஈய அச்சின் இரண்டு பாதியும் சரியாகப் பொருந்தாது. அதில் வார்க்கும் குண்டுக்கெல்லாம் நடுவில் ஒரு வரப்பு இருக்கும். ஊருக்கே தெரிந்த வரப்பு.

ஓசூரில் கைக்கடிகார உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் அவளுக்கு இன்ஸ்பெக்ஷன் வேலை. மயிரிழை பிசகினாலும் ஒதுக்கித் தள்ளுகிற கை. ஊரில் மற்றவர்கள் வெடிமருந்தை உள்ளங்கைக் கணக்கில் துப்பாக்கிக் குழாய்க்குள் கொட்டுவார்கள். இவள் ராயக்கோட்டைச் சந்தையில் பழைய நகையாசாரித் தராசு ஒன்று வாங்கி, குன்றிமணி வைத்து நிறுத்தாள். ஒரு வாரம் ஒரு மணி கூட்டி ஐந்து குண்டு, மறு வாரம் ஒரு மணி குறைத்து ஐந்து குண்டு. அடைக்கும் தேங்காய் நாரைக்கூட நிறுத்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏரிக்கரை மண்ணில் காலண்டர் தாளைக் குத்திவைத்துச் சுடுவாள். திம்மப்பன் கட்டிலில் உட்கார்ந்தபடி ஈயம் உருக்கி வார்த்துக் கொடுப்பான்.

"மருந்த நெறுத்துப் போடறாளாமே! பன்னிக்கு மூக்குத்தியா செய்யப்போறே?" என்றான் அந்த வழியாகப் போன சென்னப்பன்.

"மூக்குத்தி இல்ல மாமா, மூக்கணாங்கயிறு. பன்னிக்கும் இல்ல."

திம்மப்பனுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. "ஏண்டி, மொத குண்டு எப்பவும் ஒரு சாண் கீழ போவுதே?"

"மொத பீஸு எப்பவும் ஸ்கிராப்புதாங்க. கம்பெனில அத எடுத்துக் கடாசிட்டுத்தான் அளப்போம். மத்த நாலப் பாருங்க."

மற்ற நாலும் ஒரு உள்ளங்கைக்குள் அடங்கின. ஷிப்டு முடிந்தால் மிஷினுக்குச் செய்வதுபோல் குழாயைக் கழுவி, துடைத்து, உள்ளே எண்ணெய் விட்டு மாட்டிவைப்பாள்.

கார்த்திகையில் ராகி முற்றியது. ஒரு விடியற்காலை, பனிக்குள்ளிருந்து காலை இழுத்துக்கொண்டு வந்தது பன்றி. காதுக்குப் பின்னால் குறிவைத்து அழுத்தினாள். குண்டு ஒரு சாண் கீழே பாய்ந்தது. பன்றி அலறிக்கொண்டு உண்ணிப்புதருக்குள் ஓடியது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எண்ணெய் விட்ட குழாய். எண்ணெயில் ஊறி வேகம் குறைந்த மருந்து. எந்த ஒரு குண்டைக் கணக்கில் சேர்க்காமல் விட்டாளோ, பன்றிக்கு வாய்த்தது அந்த ஒன்றுதான்.

யாரும் பார்க்கவில்லை. சொன்னால் சென்னப்பன் ஊரைக்கூட்டிச் சிரிப்பான். சொல்லாவிட்டால் அவளும் ஒரு சென்னப்பன். துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக அவன் வீட்டுக்குத்தான் முதலில் போனாள்.

வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தான்.

"மாமா, எங் குண்டு பட்டுப் பன்னி ஓடுது. ஆடு மாட்ட அவுக்காதீங்க. புள்ளைங்கள ஏரிப்பக்கம் வுடாதீங்க."

"நெறுத்துப் போட்ட மருந்தாச்சே!" என்று நுரையோடு சிரித்தான்.

"ஆமா மாமா, தப்பிடுச்சு. சொல்ல எவ்ளோ நேரமாச்சு பாத்தீங்களா? நீங்க வாய் கொப்புளிக்கக்கூட இல்ல, சொல்லி முடிச்சுட்டேன். இதுக்குத்தானே எம் புருசன் கால் போச்சு?"

உள்ளிருந்து வந்த அவன் மனைவி ருக்மணி, முனிலட்சுமியைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்த்தாள்.

மீதிப் பதினோரு வீட்டுக்கும் சொன்னாள். நாய்களோடு ஆட்கள் திரண்டு, மத்தியானம் புதரை வளைத்தார்கள். அவளுடைய இரண்டாவது குண்டு காதுக்குப் பின்னால் குறிவைத்த இடத்தில் இறங்கியது. இடது தோளை அறுத்தபோது, சதை மூடி ஆறியிருந்த ஈயக்குண்டு ஒன்று வந்தது. நடுவில் வரப்பு. கையிலிருந்து கைக்குப் போனது அது.

கறியை வீட்டுக்கொரு பங்காகப் போட்டார்கள். சென்னப்பன் வரவில்லை, ருக்மணிதான் வந்தாள். அவர்கள் பங்கை இலையில் வைத்து, நடுவில் அந்தக் குண்டையும் அவள் பார்க்கவே வைத்து, முனிலட்சுமி மடித்துக் கட்டினாள். ருக்மணி வாங்கிக்கொண்டு போனாள்.

"அத எடுக்காமலே கொழம்பு வெச்சு, அண்ணன் பல்லுல கில்லுல சிக்கிடப்போவுது" என்றான் திம்மப்பன்.

"சிக்கட்டும்" என்றாள்.