நாசி என்றால் சோறு

அமைச்சராக இருந்த என் தோழியைப் பற்றி எழுதுகிறவர்கள் மாதர் சங்கத்தில் தொடங்கி, நகராண்மைக் கழகம், சட்டமன்றம் என்று படிப்படியாக ஏற்றி, கடைசியில் அமைச்சர் நாற்காலியில் உட்கார வைப்பார்கள். அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் மலாக்கா காஜா பெராங்கில் அவளுடைய பக்கத்து வீட்டுக்காரியான என்னைக் கேட்டால், அவள் பதவிக்கு வந்தது ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலத்தில், பண்டார் ஹிலிர் அரிசி வரிசையில்.

அப்போது எங்கள் இருவருக்கும் கல்யாண வயது. என் அண்ணி பிள்ளை பெற்றுப் படுத்திருந்தார். காலையிலும் மரவள்ளிக்கிழங்கு, மாலையிலும் மரவள்ளிக்கிழங்கு; பால் எங்கிருந்து ஊறும்? பிள்ளை அழுது அழுது தொண்டை கட்டிப்போயிற்று. "ஒரு பிடி அரிசி வாங்கிட்டு வாடி, கஞ்சி வச்சுக் குடுப்போம்" என்று அம்மா தூக்குச்சட்டியைக் கொடுத்து அனுப்பினார். துணைக்கு அவளும் வந்தாள்.

வரிசையில் நின்ற, எப்போதோ தமிழ் மறந்துபோன கம்போங் செட்டிப் பெண்கள் மலாயில் பேசினார்கள், நாங்கள் தமிழில். வம்பு மட்டும் இரண்டிலும் தாராளமாக நடந்தது. வெயில் ஏறிய பிறகு ஜப்பான் அதிகாரி ஒருவர் அரிசிக் கிடங்கிலிருந்து வெளியே வந்து, பெட்டிமேல் ஏறி நின்று கத்தினார். கடைசிச் சொல் மட்டும்தான் பிடிபட்டது: "நஷி! நஷி!"

மலாய் கேட்டு வளர்ந்த காதில் அது 'நாசி' என்று விழுந்தது. நாசி என்றால் சோறு.

"அடியே, ஆக்கின சோறாவே போடப் போறானாம்!"

"விறகு மிச்சம் லா!"

சட்டிகள் எல்லாம் தலைக்கு மேலே போயின. கூட்டம் பெட்டியை நெருங்கியது. அவர் இன்னும் உரக்க "நஷி!" என்றார். நாங்கள் இன்னும் சந்தோஷமாக இடித்துக்கொண்டு போனோம். கேலி செய்கிறோம் என்று நினைத்தாரோ என்னவோ, அவர் கை வாளின் பிடிக்குப் போனது.

துணி துவைக்கச் சவர்க்காரம் கொடுக்கிறார்கள் என்பதற்காக ஜப்பானிய மொழி வகுப்புக்குப் போய்வந்தவள் என் தோழி. அவளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது.

"அக்கா, நில்லுங்க! அவங்க பாஷையில நஷின்னா 'இல்லே'ன்னு அர்த்தம்!"

"போடி இவளே! அவரே நாசிங்கிறாரு, நீ யாரு இல்லேன்னு சொல்ல?" என்றார் முன்னால் நின்ற ஓர் அக்கா.

நான் அவள் தாவணியைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டு முன்னால் போய், இடுப்பு வளையக் கும்பிட்டாள். பாதி ஜப்பானியம், பாதி மலாய், மீதி கைச்சாடை. சாப்பிடுவதுபோலக் காட்டி, "மலாயில் நாசி" என்றாள். காலிச் சட்டியைக் கவிழ்த்து, "நிப்பொன் பாஷையில் நஷி" என்றாள். அதிகாரியின் முகம் இறுகியே இருந்தது. பிறகு மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பக்கத்துச் சிப்பாயிடம் அதைத் திருப்பிச் சொன்னார். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். வாளிலிருந்து கை இறங்கியது.

தப்பித்தோம் என்று எல்லாரும் பின்வாங்கினார்கள். அவள் நகரவில்லை. பிள்ளையைத் தாலாட்டுவதுபோலக் கையை ஆட்டிக் காட்டி, துரை தம் வாயாலேயே நாசி என்று சொல்லிவிட்டார், இத்தனை பேர் கேட்டுவிட்டார்களே என்று மலாயில் பணிவாகச் சொன்னாள். அவர் அவளையே பார்த்தார். பிறகு சிப்பாயை உள்ளே அனுப்பினார். அவர்கள் சாப்பாட்டிலிருந்து ஒரு தகர டப்பா சோறு வந்தது.

நான் சட்டியை நீட்டினேன். அவள் டப்பாவைக் கொடுக்கவில்லை.

"பிள்ளை பெத்தவங்க வேற யாரு வீட்டுல இருக்காங்க?" என்று தமிழிலும் மலாயிலும் கேட்டாள். ஒரு செட்டிப் பெண் கை தூக்கினார். சோறு சரிபாதியானது.

"எனக்காகத்தானடி வந்தே?"

"ஒனக்காகத்தான் வந்தேன். அதுக்காக அந்தப் பிள்ளைக்குப் பசிக்காதா?"

வீடு வரும்வரை நான் அவளை விட்டு முன்னால் விறுவிறுவென்று நடந்தேன்.

அந்தப் பாதிச் சோற்றைத் தண்ணீர் விட்டுக் கரைய வேகவைத்தோம். "என்ன அரிசிம்மா இது, இப்படி ஒட்டுது?" என்று கேட்டுக்கொண்டே அண்ணி வழித்துக் குடித்தார். மறுநாள் பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு மடக்கு மடக்கென்று விழுங்கும் சத்தம் கேட்டது. அதைச் சொல்லத்தான் கோபத்தை மறந்து அவள் வீட்டுக்கு ஓடினேன்.

உள்ளே நுழைய முடியவில்லை. வாசல் முழுக்கக் கட்டைச் செருப்புகள். ஜப்பான் சிப்பாய்கள் சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள் என்று ஒருவர், அரிசி அட்டையில் பெயர் விட்டுப்போயிற்று என்று இன்னொருவர். அவள் நடுவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அம்மா கிழங்குக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே நின்றார்.

"ஏம்மா, இது வீடா, சர்க்கார் கச்சேரியா? நான் எங்க போயி அடுப்பு மூட்டுறது?"