உலையில் ஒரு முருகைக்கல்

கண்டிக்குச் சற்று முன்னால் எங்கள் வண்டிச் சக்கரத்தின் இரும்புப்பட்டை கழன்றுவிடுகிறது. வழியோரக் கொல்லன் அதை உலையில் காய்ச்சுகிறான். நான் மழைக்கு ஒதுங்கி நிற்கிறேன். கோப்பித் தோட்டத்துக்குக் கூலி வேலைக்கு நடந்துபோகும் ஒரு புருஷனும் பெண்சாதியும் அதே கூரைக்குள் வருகிறார்கள். அவள் தலைமூட்டையை இறக்கி அவிழ்க்கிறாள். உள்ளே வெள்ளை வெள்ளையாகக் கற்கள்.

“மன்னார்க் கரையில பொறுக்கினதுங்க. முருகைக்கல்லு. சுட்டா சுண்ணாம்பாகும்னு வலைக்காரங்க சொன்னாங்க.”

“ஊரே அரிசி சுமக்குது, இவ கல்லு சுமக்கிறா,” என்கிறான் புருஷன்.

“சுண்ணாம்பு என்னத்துக்கு?” என்று கேட்கிறேன்.

“தோட்டத்துல வரிசையா கட்டி எங்களுக்குக் குடுக்கப்போற லயத்து அறைக்கு. வெள்ளையடிச்சா வீடு மாதிரி இருக்குமில்லீங்களா.”

ஒரு கல்லைத் திருப்பிப் பார்க்கிறேன். உடம்பெல்லாம் நட்சத்திரம் நட்சத்திரமாய்ச் சிறு துளைகள். முருகைதான், கடல் பவளப்பாறையின் துண்டுதான் என்று தோன்றுகிறது. ஆனால் சத்தியம் செய்ய மாட்டேன்.

சுட்டுப் பார்க்கச் சொல்லி அவள் கேட்டதும் கொல்லன் விரலளவு துண்டொன்றைக் கங்குக்குள் தள்ளித் துருத்தியை ஊதுகிறான். பட்டையை மாட்டி முடித்தபின் குறடால் அந்தக் கல்லை வெளியே எடுக்கிறான். வடிவம் மாறவேயில்லை.

“வெந்தும் கல்லாத்தானே இருக்கு,” என்கிறான் புருஷன்.

அவள் ஆறவிட்டுத் தண்ணீர் தெளிக்கிறாள். கொஞ்சநேரம் ஒன்றுமில்லை. பிறகு கல் சீறுகிறது, ஆவி விடுகிறது, வெடித்து மாவாய் உதிர்கிறது.

மூட்டையிலிருந்து ஒரு சின்னக் கல் உருண்டு என் வண்டிக்கடியில் கிடக்கிறது. புருஷன் சேற்றில் மண்டியிட்டு, கையை நீட்டி அதை எடுத்து, வேட்டியில் துடைக்கிறான்.