ஒரு தடவை திரும்பப் பாருங்க, மச்சான்

அலுவலகத்தில் பெற்றோர் வைத்த பெயரால் அவரை யாரும் கூப்பிட்டதில்லை. போஸ்ட்மார்ட்டம் என்றால் வாசலில் நிற்கும் செக்யூரிட்டிக்கும் தெரியும். செத்துப்போன மென்பொருளை அறுத்துப் பார்த்து, எதனால் செத்தது என்று சொல்வதுதான் அவர் வேலை. மூன்றாவது மாடியில், ஏசிக் காற்று நேராக உச்சந்தலையில் இறங்கும் மூலையில் அவருக்கு ஒரு மேசை, இரண்டு திரைகள். ஓடிக்கொண்டிருக்கும் நிரல் எங்கோ ஒரு ஊரில் பொத்தென்று விழுந்தால், விழுந்த நொடியில் அதன் நினைவில் என்னென்ன இருந்ததோ அத்தனையும் அப்படியே உறைந்து, ஒரு கோப்பாக அவரிடம் வந்து சேரும். அதற்கு டம்ப் என்று பெயர். அதை டீபக்கர் என்ற ஆய்வுக் கருவியில் ஏற்றி, மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாரென்றால் டீ ஆறிவிடும்.

"உயிரோட இருக்கிறவன் பொய் சொல்லுவான். பிணம் சொல்லாது" என்பார்.

வீட்டிலும் அதே புத்திதான். மிக்சி நின்றுபோனால் அதைப் பிரித்துப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவார். "ஏன் நின்னுச்சுங்கறது எனக்கு வேணாம், ஓட வைங்க போதும். உங்களுக்குப் பதிலா ஒரு மெக்கானிக்கைக் கட்டியிருந்தா அரைச்சு முடிச்சிருப்பேன்" என்பாள் மனைவி.

கம்பெனி, பேருந்து நிலையங்களின் டிக்கெட் கவுன்ட்டர்களுக்கு மென்பொருள் செய்தது. தங்கையின் கணவரை அங்கே சேர்த்துவிட்டவர் அவர்தான். மாப்பிள்ளை வாய் ஓயாதவர். டிக்கெட்டை ரத்து செய்தால் எவ்வளவு திருப்பித் தருவது என்ற கணக்குப் பகுதி முழுக்க அவர் எழுதியது. மதியம் இருவரும் ஒரே மேசையில் டப்பாவைத் திறப்பார்கள்.

"மச்சான், இன்னைக்கு எத்தனை பிணம்?"

"ரெண்டு. உங்களுக்குப் பக்கத்து சீட்டுக்காரர் பெத்த பிள்ளைங்கதான்."

"அவன் பெத்தா ரெட்டையாத்தான் பெத்துப்போடுவான். என்னோடது ஏதாவது வந்தா பாத்துப் பதமா அறுங்க."

"கத்திக்கு மச்சான் மாப்பிள்ளை தெரியாது."

வேடிக்கையாகச் சொன்னதுதான். ஆனால் தனக்கு வேண்டியவன் வேண்டாதவன் பாராத கை என்பதில் அவருக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. அடுப்பில் வைத்த பால்போல அது பொங்கக் காத்திருந்தது என்பது அப்போது தெரியவில்லை.

ஒரு நீண்ட விடுமுறையின் முதல் நாள் காலை, எல்லா நிலையங்களிலும் கவுன்ட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. வரிசைகள் தெருவுக்கு வந்துவிட்டன. யாரோ கண்ணாடியை உடைத்துவிட்டார்கள் என்று தொலைபேசியில் கத்தினார்கள். டம்ப் வந்து சேர்ந்தபோது மேனேஜர் அவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். மேனேஜருக்குப் பின்னால் பாதி மாடி நின்றது.

டம்ப்புக்குள் பெயர் எதுவும் இருக்காது. வெறும் எண்கள். எந்த எண்ணில் நிரலின் எந்தத் துண்டு குடியிருக்கிறது என்று சொல்ல, சிம்பல் ஃபைல் என்று தனியாக ஒன்று உண்டு. ஒரு தெருவில் எந்தக் கதவு எண்ணில் யார் இருக்கிறார் என்று சொல்கிற மாதிரி. மென்பொருளை ஒவ்வொரு முறை புதிதாகக் கட்டும்போதும் தெருவில் எங்காவது ஒரு வீடு முளைத்துவிடும், எண்கள் தள்ளிப்போகும். பழைய பட்டியலை வைத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினால் அடுத்த வீட்டுக்காரன் எட்டிப் பார்ப்பான். அவனைத்தான் தேடி வந்தோம் என்று சட்டையைப் பிடித்துவிடலாம்.

விடுமுறைக்கு முன் சின்னத் திருத்தம் ஒன்றை அவசரமாகக் கட்டி அனுப்பியிருந்தார்கள். அதன் சிம்பல் ஃபைலைப் பொது இடத்தில் வைக்க மறந்திருந்தார்கள். இருந்தது அதற்கு முந்தையதுதான். பொருந்தவில்லை என்று டீபக்கர் எச்சரித்தது. பரவாயில்லை, ஏற்று என்று அவர் கட்டளை கொடுத்தார். எத்தனையோ முறை செய்ததுதான். சின்னத் திருத்தத்தில் என்ன பெரிதாக நகர்ந்துவிடப் போகிறது.

பெயர்கள் வரிசையாக வந்து விழுந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, விழுந்த நொடியில் ஓடிக்கொண்டிருந்ததாக நின்றது, ரத்துத் தொகையைக் கணக்கிடும் துண்டு.

"யார் எழுதினது இது?" என்றார் மேனேஜர்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, தேவையைவிடக் கொஞ்சம் உரக்கவே, "எங்க மாப்பிள்ளை எழுதினது" என்றார்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. மாப்பிள்ளை கையில் தண்ணீர் பாட்டிலோடு கடைசியில் நின்றிருந்தார். ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து திரையைக் குனிந்து பார்த்தார்.

"மச்சான், காலங்காத்தால யாரும் டிக்கெட்டை ரத்து பண்ண மாட்டாங்க. வாங்கத்தான் நிக்கறாங்க. அந்த இடத்துக்கு வரவே வராதே. ஒரு தடவை திரும்பப் பாருங்க."

"பிணம் பொய் சொல்லாது மாப்பிள்ளை."

"பிணம் சொல்லாது. நீங்க கேட்டது சரியா இருக்கான்னு ஒரு தடவை..."

"எல்லாரும் பாத்துட்டிருக்காங்க" என்றார் இவர், குரலைத் தாழ்த்தி.

அதுதான் உண்மை. வேறு யாராவது கேட்டிருந்தால் திரும்பப் பார்த்திருப்பார். அந்த மாடியில் யார் கேட்டும் அவர் மறுத்ததில்லை. இப்போது பார்த்தால் தங்கை வீட்டுக்காரருக்குச் சந்து தேடுகிறார் என்று சொல்வார்களே என்று தோன்றியது. திரையில் டீபக்கரை மூடிவிட்டார்.

மேனேஜர் தோளில் தட்டினார். "சொந்தம்னுகூட பாக்கல பாருங்கய்யா. இந்த மாதிரி ஒரு ஆள் போதும்." பால் பொங்கியது அப்போதுதான்.

மாப்பிள்ளையை யாரும் வேலையைவிட்டு அனுப்பவில்லை. அவர் எழுதியதைப் பிடுங்கி வேறொருவரிடம் கொடுத்தார்கள். அவரைச் சோதனைப் பிரிவில், பொத்தான்களை அழுத்திப் பார்க்கும் பயிற்சியாளர்களுக்கு நடுவில் உட்கார வைத்தார்கள். அந்தக் காலை சம்பந்தமாக அவரைப் பார்த்து ஆளாளுக்கு ஒரு நகைச்சுவை சொன்னார்கள். எப்போதும் முதலில் சிரிக்கிறவர் சிரிக்காமல் இருந்தார். பிறகு ராஜினாமா. பெயர்தான் ராஜினாமா. கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதற்கும் அதற்கும் ஒரு கையெழுத்து வித்தியாசம்.

கவுன்ட்டர்கள் அதன்பிறகு விழவில்லை. ரத்துக் கணக்கை மாற்றி எழுதியதால்தான் என்று எல்லோரும் நம்பினார்கள். அதே சமயத்தில் நிலையங்களில் பழைய பிரின்டர்களை எடுத்துவிட்டுப் புதியவை வைத்ததை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

வீட்டில் மனைவி ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள், துவைத்த துணியை மடித்துக்கொண்டே. "வெளியாளா இருந்தா ரெண்டு தடவை பாத்திருப்பீங்க." உனக்கு என் தொழிலைப் பற்றி என்ன தெரியும் என்று அவர் சீறினார். அவள் துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தங்கை வீட்டிலிருந்து போன் வருவது குறைந்தது. வந்தாலும் அண்ணியோடு பேசிவிட்டு வைத்துவிடுவாள். "அண்ணன் பக்கத்துல இருக்கார், தரவா?" என்றால், "இல்ல அண்ணி, அடுப்புல வேலையிருக்கு" என்பாள். எந்த நேரத்தில் கேட்டாலும் அவளுக்கு அடுப்பில் வேலையிருந்தது.

நாட்கள் போயின. மேனேஜர் மாறினார். பாதி மாடி புது முகமானது. ஒரு நாள், எங்கோ ஒரு கடைக்கோடி நிலையத்திலிருந்து ஒரு டம்ப் வந்தது. பிரின்டரை மாற்ற மறந்துபோன ஒற்றைக் கவுன்ட்டர். இம்முறை சிம்பல் ஃபைல் சரியாகப் பொருந்தியது. பிரின்டரோடு பேசும் துண்டில் விழுந்திருந்தது. பிரின்டர் விற்றவர்கள் கூடவே கொடுத்த நிரல். அதை எழுதியவரை இந்தக் கட்டடத்தில் யாரும் பார்த்ததுகூட இல்லை. டிக்கெட்டுகள் நெருக்கமாக அச்சாகும்போது பிரின்டர் அனுப்பும் பதில் கொஞ்சம் நீண்டுவிட்டால், வைக்க இடம் போதாமல் பக்கத்து இடத்தை மிதித்துவிடுகிறது.

சாதாரணமாக இதை எழுதி அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார். ஆனால் விழுந்த விதத்தை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. ஒரு முகத்தைப் பேருந்தில் பார்த்துவிட்டு இறங்கிய பிறகு யாரென்று உறைக்குமே, அந்த மாதிரி. மாப்பிள்ளை எழுதிய வரி ஒன்றுகூட இன்று இந்த மென்பொருளில் இல்லை. ஆனாலும் அதே மாதிரி விழுந்திருக்கிறது.

பழைய டம்ப்பைத் தேடி எடுத்தார். டீபக்கர் பழையபடி எச்சரித்தது. இந்தத் தடவை அவர் கீழ்ப்படிந்தார். அன்று அந்தத் திருத்தத்தைக் கட்டியவரின் பழைய கணினி ஸ்டோர் ரூமில் தூசியோடு கிடந்தது; அதைத் துடைத்து, உயிர் கொடுத்து, உரிய ஃபைலை எடுத்துவந்து ஏற்றினார். பெயர்கள் வரிசையாக வந்து விழுந்தன. மேலே நின்றது பிரின்டர். மாப்பிள்ளையின் துண்டு அந்தப் பக்கமே இல்லை. அடுத்த வீட்டுக் கதவைத் தட்டியிருந்தார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

புது மேனேஜரிடம் போய்ச் சொன்னார். "பழைய கதை சார். இப்ப எதுக்கு? கவுன்ட்டர் ஓடுதுல்ல" என்றார் அவர், கதவைத் திறந்துவிட்டபடி.

அந்த ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்தவள் ஒரு நொடி நின்றாள். "உள்ள வா" என்றாள், விருந்தாளிக்குச் சொல்லும் குரலில். மாப்பிள்ளை இப்போது கடைகளுக்குக் கேமரா மாட்டும் வேலை. கூடத்துத் தரையெல்லாம் ஒயர். ஏணி ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது.

"வாங்க மச்சான். அந்த ஒயரை மிதிச்சுடாதீங்க."

அவர் லேப்டாப்பைத் திறந்து, அந்தப் பழைய டம்ப் திரையில் தெரிய, தரையில் வைத்தார். மாப்பிள்ளை பார்த்தார். பார்க்க வேண்டாம் என்றுதான் முகத்தைத் திருப்பினார்; கண் திரும்பவில்லை. மெல்ல ஒயரைக் கீழே வைத்துவிட்டு, சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"அட, பிரின்டரா!"

"பிரின்டர்தான் மாப்பிள்ளை."

"பதிலுக்கு இடம் இவ்வளவுதான் வச்சிருக்கானா? கஞ்சப்பயல்!" சிரித்தேவிட்டார். கொஞ்ச நேரம் இருவரும் பழைய மதிய வேளைகளில் போலத் தலையோடு தலை முட்ட உட்கார்ந்திருந்தார்கள். தங்கை டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, சமையலறை வாசலில் நின்றாள். அண்ணனுக்கு, எல்லாம் சரியாகிவிட்டது என்றே தோன்றியது.

மாப்பிள்ளை, நினைவை வெறும் எண்களாக அப்படியே காட்டும் பக்கத்தைத் திறந்து கீழே கீழே உருட்டிக்கொண்டு போனார். சட்டென்று விரல் நின்றது.

"இங்க பாருங்க மச்சான்."

எண்களுக்கு நடுவே, உறைந்துபோன ஒரு டிக்கெட். புறப்படும் இடம், சேரும் இடம், இருக்கை எண். கடைசி வரி, வழக்கமாக அச்சாகும் வாழ்த்து, பாதியில் அறுந்திருந்தது. தங்கள் பயணம் இனி.

"அச்சடிச்சிட்டு இருக்கும்போதே செத்திருக்கு. இதைப் பாக்க சிம்பல் ஃபைலே வேணாமே. அன்னைக்கும் இங்கயேதான இருந்திருக்கும்?"

"ஆமா" என்றார் அவர்.

"அதான். ஒரு தடவை பாருங்கன்னு சொன்னேன்." குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலாம். மாப்பிள்ளை லேப்டாப்பை மூடி, அவர் பக்கமாகத் தள்ளிவைத்தார். "நான் பண்ணலன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் மச்சான். எனக்கு வந்து இதைக் காட்டி என்ன ஆகப்போகுது? எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. எல்லார் முன்னாடியும் மாத்திச் சொன்னீங்களா?"

"மேனேஜர்கிட்ட..."

"ரூமுக்குள்ளயா?"

தங்கைதான் பேசினாள். "அண்ணா, வெளிச்சத்துல அடிச்சுட்டு இருட்டுல மருந்து போடக்கூடாது. டீ ஆறுது, குடி."

குடித்தார். சர்க்கரை சரியாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில், வார வேலைகளெல்லாம் பேசி முடிந்து ஆட்கள் எழுந்திருக்கும் நேரத்தில், "ஒரு நிமிஷம்" என்றார். உரக்கவே சொன்னார். அன்றைக்குக் கவுன்ட்டர்கள் விழுந்ததற்கு எங்கள் மாப்பிள்ளை காரணமில்லை. நான் பொருந்தாத சிம்பல் ஃபைலை ஏற்றினேன். அவர் திரும்பப் பார்க்கச் சொன்னார், நான் பார்க்கவில்லை. சொல்லச் சொல்ல முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அன்று நாற்காலிக்குப் பின்னால் நின்ற முகங்களைத் தேடினார். கதவருகே ஒருவர் இருந்தார்; போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். ஜன்னல் பக்கம் இன்னொருவர். மற்றதெல்லாம் புதிது. மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தன.

முன்வரிசையில் இருந்த பெண் கையைத் தூக்கினாள். "சார், யாரு அவரு?"

"இங்க வேலை பாத்தார்மா" என்றார். "நல்லா எழுதுவார்."

அவள் தலையாட்டினாள். கூட்டம் கலைந்தது.

மூலைக்குத் திரும்பி போன் போட்டார். மறுமுனையில் சுவரைத் துளைக்கும் இயந்திரம் இரைந்து நின்றது.

"சொல்லிட்டேன் மாப்பிள்ளை. எல்லார் முன்னாடியும்."

ஏணியிலிருந்து இறங்குகிறார் போலிருந்தது.

"சரி மச்சான். அன்னைக்கு இருந்தவங்க யாரெல்லாம் இருந்தாங்க?"

அவர் மாடியை ஒரு தடவை பார்த்தார். திரும்ப இன்னொரு தடவையும் பார்த்தார்.