மஞ்சள்காலிக்கு ஒரு சாட்சி

சாவியோவின் அப்பா ரயில் இன்ஜின் ஓட்டியவர். ராயபுரத்தில் அவர்கள் தெருவில் பாதி வீடு ரயில்வே, மீதி துறைமுகம். ரயில்வே வீட்டுப் பிள்ளை ரயில்வேக்குப் போவது ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவது மாதிரி. யாரும் யோசித்து முடிவெடுப்பதில்லை. சாவியோவும் போனார். மருத்துவப் பரிசோதனையில் புள்ளி புள்ளியாக வண்ணம் தெளித்த ஓர் அட்டையைக் காட்டி, அதில் என்ன எண் தெரிகிறது என்று கேட்டார்கள். "எண்ணா, எங்க?" என்றார் சாவியோ. அத்தோடு இன்ஜின் போயிற்று.

பச்சைக்கும் மஞ்சளுக்கும், பச்சைக்கும் பழுப்புக்கும் நடுவே ஊரார் பார்க்கும் கோடு அவர் கண்ணுக்கு இல்லை. துறைமுகத்தில் சரக்குக் கணக்கெடுக்கும் வேலை கிடைத்தது. கன்டெய்னருக்கு எண் உண்டு. நிறத்தை யார் கேட்கிறார்கள்? அந்த வேலையிலேயே இருந்திருந்தால் தொந்தரவில்லாமல் ஓய்வு பெற்றிருக்கலாம். ஆனால் மனிதர் இரண்டு காரியம் செய்தார். இரண்டும் நேராக நிறத்தில் போய் முட்டின.

முதலாவது, ஃப்ளோரன்ஸைக் கல்யாணம் செய்துகொண்டது. ஃப்ளோரன்ஸ் பழைய வண்ணாரப்பேட்டையில் தங்கபுஷ்பம் அம்மாளின் மேட்சிங் சென்டரில் வேலை பார்ப்பவர். சேலையைக் கொண்டுவந்து நீட்டினால் அதற்குப் பொருந்தும் ரவிக்கைத் துணி எடுத்துத் தர வேண்டும். ஃப்ளோரன்ஸ் சேலையையும் துணியையும் தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் விரித்துப் பார்ப்பார். பொருந்தாவிட்டால் பொருந்தாது என்று சொல்லிவிடுவார். வாங்க வந்தவர் வெறுங்கையோடு திரும்புவார்.

"ஏட்டி ஃப்ளோரன்ஸு, ஒரு இழைதான வித்தியாசம். சேருதுன்னு சொன்னா வாய் வெந்தா போவும்?" என்பார் தங்கபுஷ்பம். அவருக்குச் சொந்த ஊர் திருச்செந்தூர்ப் பக்கம்.

"நாளைக்கி கல்யாணத்துல நிக்கப்போறது நீங்களாக்கா, அந்தம்மாவா?"

இரண்டாவது காரியம், பறவை பார்க்கக் கிளம்பியது. அதிலும் கரைப்பறவைகள். குளிர்காலத்தில் அவை எங்கெங்கிருந்தோ எண்ணூர்க் கழிமுகத்துக்கு வருகின்றன. ஒரு பக்கம் சாம்பல் மேடு, ஒரு பக்கம் குழாய்கள், நடுவில் சேறு. உலகத்தில் வேறு இடமே இல்லாதது போல அங்கே வந்து இறங்குகின்றன. யோசித்தால், அவற்றுக்கு வேறு இடம் அதிகம் விட்டுவைக்கவும் இல்லை. இந்தக் கூட்டத்துக்குப் பெயர் வைத்தவர்கள் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். பச்சைக்காலி, பவளக்காலி. நிறம் தெரியாதவர் போய்ச் சேர்ந்த இடம் இது.

ஆனாலும் சாவியோ தப்பு செய்ததில்லை. கடைத்தெருக் கூட்டத்தில் மச்சானை நடையை வைத்தே கண்டுபிடிப்பது போல, உருவம், அலகு, நடை, குரல் என்று அடையாளம் சொல்லிவிடுவார். யாராவது காலின் நிறம் கேட்டால், "வெளிச்சம் சரியில்ல" என்பார். எண்ணூர்ப் புகையில் அதை யாரும் மறுத்துப் பேச முடியாது. பறவை பார்க்கும் வாட்ஸப் குழுவில் ஒருவருக்கும் விஷயம் தெரியாது. தெரிந்தவர் ஃப்ளோரன்ஸ் ஒருவர்தான். காலையில் கட்டிலின் மேல் அவருடைய சட்டையை எடுத்து வைப்பதும் ஃப்ளோரன்ஸ்தான்.

இந்த ஜனவரியில், பொங்கல் கழிந்த சனிக்கிழமை, சேற்றில் மேய்ந்துகொண்டிருந்த உள்ளான் கூட்டத்துக்கு நடுவே ஒன்று மட்டும் கொஞ்சம் உயரமாக நின்றது. இறக்கை நுனி வாலைத் தாண்டி நீண்டிருந்தது. பறந்தபோது தெரிந்த வெள்ளைத் திட்டு முதுகில் ஏறவில்லை. வாலடியில் சதுரமாக நின்றுவிட்டது. சாவியோ மளமளவென்று படம் எடுத்தார். சின்ன மஞ்சள்காலி. வட அமெரிக்காவில் பிறந்து தென் அமெரிக்காவில் குளிர்காலத்தைக் கழிக்க வேண்டிய பறவை. கும்மிடிப்பூண்டிக்கு ரயில் ஏறியவர் சூரத்தில் இறங்கி நிற்பது மாதிரி நின்றுகொண்டிருந்தது.

படத்தைக் குழுவை நடத்தும் மகிமாவுக்கு அனுப்பினார். மகிமா கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுப்பவர். அரிய பறவை எதுவானாலும் சரிபார்த்துப் பதிவு செய்வது அவர் பொறுப்பு. உடனே போனில் வந்தார்.

"அண்ணா, எல்லாம் பொருந்துது. கால் மட்டும் சொல்லுங்க. போட்டோல கால் பூரா சேறு அப்பி ஒரே சாம்பலா இருக்கு. பச்சை கலந்திருந்தா நம்ம ஊர் உள்ளானாவே இருக்கலாம். பளிச்சுனு மஞ்சள்னா... சின்ன மஞ்சள்காலியேதான். நான் கோயம்புத்தூர்ல மாட்டிக்கிட்டேன், மத்தவங்க பழவேற்காட்டுக் கணக்கெடுப்புக்குப் போயிட்டாங்க. நீங்கதான் பாக்கணும். அது எப்ப வேணா பறந்துடும்."

"வெளிச்சம் சரியில்லம்மா" என்றார் சாவியோ. "நாளைக்கி பாத்து சொல்றேன்."

அன்று உச்சி வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து ஃப்ளோரன்ஸ் எதிரே உட்கார்ந்தார். "இன்னாமே, நாளைக்கி பூச முடிஞ்சு என்கூட எண்ணூர் வர்றியா?"

"பொண்டாட்டிய வெளிய இட்னு போற எடமாய்யா அது? போன தபா சேத்துல செருப்பு போச்சு. ஒரே கலீஜு."

"ஒரு பறவயோட காலு மட்டும் பாத்து சொல்லணும். நான் பாத்தா தெரியாது."

மறுநாள் பூசைக்குக் கிளம்பும்போது ஃப்ளோரன்ஸின் கைப்பையில் பட்டர் பன்னும், கடையின் வெட்டுத்துணிகள் சிலவும் இருந்தன. பூசை முடிந்து அதே பட்டுச் சேலையோடு ரயில் ஏறினார். காலில் மட்டும் பழைய செருப்பு.

பறவை அங்கேயேதான் இருந்தது. பெரிய குழாய் ஒன்றின் நிழலில் ஒற்றைக் காலில் நின்று தூங்கியது. சாவியோ தொலைநோக்கியைச் சரிசெய்து கொடுத்தார். ஃப்ளோரன்ஸ் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"சொல்ல மாட்டேன்."

"ஏன், தெரியலியா?"

"தெரியுது. நெழல்ல நிக்குது. நெழல்ல பாத்து கலர் சொல்ற பழக்கம் எனக்கு இல்ல. வெயிலுக்கு வரச் சொல்லு."

"அது இன்னா சேலையா, தூக்கினு வெளிய வர்றதுக்கு?"

"அப்ப குந்து. வர்றப்ப வரட்டும்."

பாலத்தின் கீழே உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு பன் தின்றார்கள். மேலே லாரிகள் போகும்போதெல்லாம் பாலம் உறுமியது. தண்ணீர் வடிய வடிய மற்ற பறவைகள் முன்னால் நகர்ந்தன. அது மட்டும் நகரவில்லை. இப்போது ஒரு நாய் வந்தால் போதும், எல்லாம் முடிந்தது என்று சாவியோ பயந்தார். நாய் வரவில்லை. பறவை கண்ணைத் திறந்து, இறக்கையை ஒருமுறை நீட்டி மடக்கி, பொறுமையாக ஓடைத் தண்ணீரில் இறங்கி நடந்து அந்தப் பக்கம் ஏறியது. வெயிலில், கழுவிய காலோடு.

ஃப்ளோரன்ஸ் வெகுநேரம் பார்த்தார். வெட்டுத்துணிகளை எடுத்து வெயிலில் பிடித்துக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு ஒரு துணியைக் காட்டினார். "பக்கத்துல குட்டையா மேயுதே, அதோட காலு இது. பச்ச சாஞ்ச மஞ்ச." இன்னொன்றைக் காட்டினார். "உன் ஆளு இது. சுத்த மஞ்ச. பச்ச ஒரு நூலு கூட இல்ல."

சாவியோ இரண்டு துணிகளையும் வாங்கி மாற்றி மாற்றிப் பார்த்தார். இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

"எனக்கு வித்தியாசமே தெரிலமே."

"தெரியாதுன்னு எனக்கு தெரியும்" என்று சொல்லி ஃப்ளோரன்ஸ் துணிகளை வாங்கி மடித்துக்கொண்டார்.

திரும்பும் ரயிலில் சாவியோ குழுவுக்கு எழுதத் தொடங்கினார். 'கால்: பளிச்சென்ற மஞ்சள். நேரில் பார்த்தேன்.' விரல் அங்கேயே நின்றது. கத்திவாக்கம் போயிற்று, விம்கோ நகர் போயிற்று.

"அனுப்பு" என்றார் ஃப்ளோரன்ஸ். "உன் பேர்லயே போடு. நான் எடுத்து வைக்கிற சட்டைக்கெல்லாம் என் பேரா போட்டுகினு போற?"

"நான் பாக்கலியே. நீ பாத்தத நான் பாத்தேன்னு எழுதறது பேஜாரா கீது."

"அப்ப உண்மைய எழுது."

"எழுதினா நாளைலேர்ந்து நான் எத சொன்னாலும், இவனுக்கு இன்னா தெரியும்னுவாங்க."

ஃப்ளோரன்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பினார். "உன் கல்யாண டை இன்னா கலரு?" என்று கேட்டார்.

"பழுப்பு."

"பச்ச. கிளிப்பச்ச. பீடத்தாண்ட ஃபாதரே ஒரு நிமிசம் அப்டியே நின்ட்டாரு."

"பழுப்புன்னு நீதானமே சொன்ன!"

"மாலய போட்ட ஒடனே காதுல கேட்ட, 'பழுப்பு டை நல்லாகீதா'ன்னு. அவ்ளோ சந்தோசமா கேட்ட. நான் இன்னா சொல்றது?"

கல்யாணப் போட்டோ வீட்டுக்கூடத்தில்தான் தொங்குகிறது. இத்தனை வருஷமாக வந்தவர் போனவர் எல்லாரும் அந்த டையைப் பார்த்திருக்கிறார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதை யோசித்துக்கொண்டிருந்த சாவியோவுக்குத் திடீரென்று வேறொரு சந்தேகம் வந்தது.

"அப்ப அந்தக் காலு?"

"காலு மஞ்சதான்யா. அது இன்னா என் புருசனா, பொய் சொல்றதுக்கு?"

சாவியோ எழுதியிருந்ததை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினார். 'எனக்குப் பிறவியிலேயே நிறம் பிரித்துப் பார்க்க வராது. இதுவரை சொன்னதில்லை. உருவம், இறக்கை, வாலடி நான் பார்த்தவை. கால் நிறம் பார்த்தவர் என் மனைவி ஃப்ளோரன்ஸ். சுத்த மஞ்சள். வெயிலில் வைத்துப் பார்த்தார்.' கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினார்.

தண்டையார்பேட்டையில் மகிமாவின் பதில் வந்தது. 'இவ்வளவு நாளும் காலே பாக்காமயா எல்லாத்தையும் சரியா சொன்னீங்க?' பின்னாலேயே இன்னொன்று: 'செவ்வாய்க்கிழமை நான் வந்துடுவேன். அக்காவும் வருவாங்களா?'

சாவியோ படித்துக் காட்டினார். ஃப்ளோரன்ஸ் சேலை ஓரத்தில் காய்ந்திருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"செவ்வாக்கெழம கடை கீது. தங்கபுஷ்பம் அக்காவாண்ட லீவு கேக்கணும்." கொஞ்சம் யோசித்தார். "காலைல வெயில் நல்லா ஏறினப்புறம் வர்றேன்னு சொல்லு."

வீட்டுக்கு வந்ததும் சாவியோ செருப்பைக்கூடக் கழற்றாமல் கல்யாணப் போட்டோவின் முன் போய் நின்றார்.

"ரொம்பப் பச்சையாமே?"

"ரொம்ப" என்றார் ஃப்ளோரன்ஸ். "ஆனா உனக்கு செட் ஆச்சு."